தோற்றவன் மண்

1

ஆரணியில் இருந்தவரை அரிசியில் கல் பொறுக்குவதுதான் என் பிழைப்பு. கையால் பொறுக்கவில்லை, இயந்திரம் பொறுக்கியது. அரிசி ஆலையில் கல்லைப் பிரிக்கும் இயந்திரம் ஒன்று, நிறம் பார்த்துக் கறுப்பு அரிசியை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்று. இரண்டுக்கும் நான்தான் வைத்தியன். அந்த இரண்டாவது இயந்திரத்தைச் செய்து விற்ற கம்பெனி பெல்ஜியத்தில் இருந்தது. பழுது பார்க்கக் கற்றுக்கொண்டு வா என்று முதலாளி என்னை இங்கே அனுப்பினார். கற்றுக்கொண்டு திரும்பினேன். மறுபடி கூப்பிட்டார்கள், வந்தேன், தங்கிவிட்டேன். இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. இப்போது உறைய வைத்த உருளைக்கிழங்கு வறுவல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்பு வேலை. அங்கே அரிசியில் கல் பார்த்தவன், இங்கே கிழங்கில் குண்டு பார்க்கிறேன்.

குண்டு என்று பேச்சுக்குச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நாங்கள் இருப்பது ஈப்பர் என்ற ஊருக்குப் பக்கத்தில். முதல் உலகப் போரில் நாலு வருடம் இரண்டு தரப்புப் படைகளும் இந்த வயல்களில்தான் பள்ளம் வெட்டி உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்தார்கள். போட்ட குண்டுகளில் வெடிக்காமல் சேற்றுக்குள் இறங்கியவை கணக்கில்லாதவை. நூறு வருடம் தாண்டியும் ஏர் ஓட்டும்போது மேலே வருகின்றன. விவசாயிகள் அலட்டிக்கொள்வதில்லை. எடுத்துச் சாலையோர மின்கம்பத்தடியில் வைத்துவிட்டு ராணுவத்துக்குப் போன் செய்கிறார்கள், அவர்கள் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள். இதற்கு இரும்பு அறுவடை என்றே பெயர். எப்போதாவது ஒன்று விவசாயியின் கண்ணுக்குத் தப்பி, கிழங்கு லாரியோடு எங்களிடம் வந்துவிடும்.

சென்ற நவம்பரில் அப்படி ஒன்று வந்தது. நவம்பர் பதினொன்று அந்தப் போர் நின்ற நாள். ஊரே சட்டையில் சிவப்புக் காகிதப் பூ குத்திக்கொள்ளும். அதற்கு முந்தின வாரம் அது. கிழங்கு ஓடும் பெல்ட் ஓரம் நின்றிருந்த ஒக்சானாதான் பார்த்தாள். உக்ரைனிலிருந்து வந்தவள், ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவள். அவசரக் கயிற்றை இழுத்துவிட்டு, கத்தாமல், என்னைப் பார்த்து விரலை நீட்டினாள். சேறு அப்பிய கிழங்குகளுக்கு நடுவே, அதே நிறத்தில், அதே அளவில், ஒரு கையெறி குண்டு.

எல்லோரையும் வெளியே அனுப்பினார்கள். மழையில் நின்றோம். இந்த நாட்டில் எதற்கும் மழையில்தான் நிற்க வேண்டும். பக்கத்தில் நின்ற ஒக்சானா தன் அரைகுறை டச்சில் சொன்னாள், "இது பழைய போர். பயம் இல்லை."

சொல்லிவிட்டு இன்னும் இரண்டடி பின்னால் தள்ளி நின்றாள். அவளுடைய மகனுக்குப் பதினெட்டு ஆகப்போகும் தறுவாயில் அவனை இழுத்துக்கொண்டு எல்லையைத் தாண்டினவள் அவள். பதினெட்டு ஆகிவிட்டால் ஆண்பிள்ளையை வெளியே விடமாட்டார்கள் அப்போது. இன்று அவன் இங்கே வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறான். நல்ல பையன்.

ராணுவ வண்டி வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவனுக்கு மீசை சரியாக முளைக்கவில்லை, கன்னத்தில் பரு. அவன்தான் உள்ளே போய், அந்தக் குண்டைத் தூக்கி வந்து மணல் பெட்டியில் இறக்கினான். மற்றவர்கள் குண்டைப் பார்த்தார்கள். நான் அந்தப் பருவையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏனென்றால் என் வீட்டுச் சாப்பாட்டு மேசைமேல் வேறொன்று வந்து கிடந்தது.

2

உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து ஐரோப்பா முழுக்க ராணுவத்துக்கு ஆள் தேடுகிறார்கள். இந்த நாட்டில் பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கெல்லாம் அரசாங்கமே அழைப்பு அனுப்பியது. கட்டாயம் ஒன்றும் இல்லை. விருப்பம் இருந்தால் ஒரு வருடம் வந்து பயிற்சி எடு, சம்பளம் உண்டு, பிடித்தால் தங்கு, பிடிக்காவிட்டால் போ. கல்யாணப் பத்திரிகை மாதிரி அவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

எங்கள் வீட்டுக்கு வந்ததில் விலாசம் "முனுசாமி அவர்களுக்கு" என்று இருந்தது. முனுசாமி என் நைனா. காலமாகிப் பல வருடம் ஆகிறது. வேலூரைத் தாண்டி அவர் போனதே இல்லை. நான் இங்கே வந்த புதிதில் நகராட்சி அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார்கள். அப்படி ஒன்று எங்களுக்குக் கிடையாது, அப்பா பேர்தான் உண்டு என்று விளக்கினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு முனுசாமியைக் குடும்பப் பெயராகப் போட்டாள். அன்றைக்கு நான் ஏழுமலை என்பதே ஒழிந்தது. தொழிற்சாலையில் நான் முனுசாமி, பல் டாக்டரிடம் என் மனைவி மலர் திருமதி முனுசாமி, பள்ளிக்கூடத்தில் என் பையன் இனியன் சின்ன முனுசாமி. என் மாமனாருக்குத் தெரிந்தால் வருத்தப்படுவார் என்று மலர் இன்னும் தன் பிறந்த ஊரான தேவிகாபுரத்துக்குச் சொல்லவில்லை.

ஆரணியில் இருக்கும் என் தம்பி குமரனுக்குப் போனில் இதைச் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். "இன்னாண்ணா, நைனாவ பட்டாளத்துக்குக் கூப்புடுறாங்களா?"

"சிரிக்காதடா. பையன் போறேங்கிறான்."

"போனா போவட்டுமே. நம்ம வேலூர் பக்கம் பட்டாளத்துக்குப் போவ அடிச்சிகினு நிக்கிறானுங்க. நீயே போயி நின்னவன்தான? இப்ப இன்னா பேஜாரு உனக்கு?"

அது உண்மை. பத்தொன்பது வயதில் வேலூரில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நானும் போய் நின்றேன். ஓட்டத்தில் தேறினேன், மார்பு அளவில் தோற்றேன். எவ்வளவு மூச்சை இழுத்தும் டேப்பில் அளவு ஏறவில்லை. நைனா தேர்முட்டி அருகே ஒரு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, பையன் பட்டாளத்துக்குப் போகிறான் என்று முந்தின நாளே சொல்லி வைத்திருந்தார். திரும்பி வந்ததும் ஒரு வாரம் அந்தப் பக்கமே அவர் போகவில்லை. அப்போது யாரும் என்னிடம் போரைப் பற்றிப் பேசவில்லை. பட்டாளம் என்றால் பென்ஷன், கேன்டீன் சாமான், ரயிலில் பெட்டியோடு வந்து இறங்கும் மாமன். செத்துப்போவது அதில் எங்கேயோ மூலையில் இருந்தது, நான் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குமரன் போனை வைக்கும் முன் தன் கவலையைச் சொன்னான். ஆரணி பஸ் ஸ்டாண்டு பக்கம் அவனுக்கு டிபன் கடை. "உன் பக்கத்துல குண்டு போட்டதும் இங்க எண்ணெ ஏறிச்சே, ஞாபகம் கீதா? சூரியகாந்தி எண்ணெயெல்லாம் அங்கேந்துதான் வருதாம். ரெண்டு மாசம் நான் பூரியே போடல. சண்ட மறுபடியும் பெருசாவாம பாத்துக்கோ."

நான்தான் ஐரோப்பாவைப் பார்த்துக்கொள்வதுபோல அவனுக்கு ஒரு நினைப்பு.

3

இனியன் இங்கேயே பிறந்தவன். இந்தப் பக்கத்து டச்சு, நான் வகுப்பில் படித்த டச்சே இல்லை. வார்த்தையைப் பாதியிலேயே விழுங்கிவிடுவார்கள். அவன் அவர்களைப் போலவே விழுங்குகிறான். நான் இன்னும் தடுமாறுகிறேன். பக்கத்து வீட்டுக் கிழவர் இறந்தபோது ஆழ்ந்த அனுதாபம் என்று சொல்வதற்குப் பதிலாக வாழ்த்துகள் என்று சொல்லி அந்த அம்மாவின் கையைக் குலுக்கியவன் நான். அந்த அம்மா நன்றி என்றாள். கூட நின்ற இனியன் அன்றிலிருந்து எந்தத் துக்க வீட்டுக்கும் என்னோடு வருவதில்லை.

அவனுடைய தமிழ் எங்களோடு பேசும் அளவுக்கு இருக்கிறது, சண்டை போடும் அளவுக்கு இல்லை. அதனால் எங்கள் வீட்டில் சண்டை சட்டென்று முடிந்துவிடும், தீர்ந்துதான் போகாது.

அழைப்பு வந்த அன்று சாப்பிடும்போது சொன்னான். "அப்பா, நான் போகணும். ஃபெர்ரே போறான், யோனாஸ் போறான். மொதல்ல முகாம் போய்ப் பாக்கற நாள் ஒண்ணு இருக்கு. எனக்கு பதினெட்டு ஆகல, அதனால நீங்க sign பண்ணணும்."

மலர் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்திருந்தாள். கரண்டியைக் கீழே வைக்காமல் கேட்டாள், "எதுக்குடா போவணும் உனுக்கு? காலேஜு சேரலியா நீ?"

"காலேஜ் அப்புறம் போலாம்மா. ரஷ்யா வந்தா யார் பாப்பாங்க? எல்லாரும் வேற யாராவது பாப்பாங்கன்னு சொன்னா எப்படி?"

"பட்டாளம்னா டார்ச் லைட்டு அடிச்சிகினு தெருவச் சுத்தறதுன்னு நெனச்சிகினியா? சுடுவானுங்கடா."

"தெரியும்மா." பிறகு என்னைப் பார்த்து, வார்த்தை வார்த்தையாகத் தேடி எடுத்துச் சொன்னான். "அப்பா, உங்களுக்கு வேற ஊர் இருக்கு. இங்க ஏதாவது ஆச்சுன்னா நீங்க ஆரணி போயிடலாம். எனக்கு இதான் ஊர். வேற இல்ல."

அவனை இந்த ஊர்க்காரனாக வளர்க்கத்தான் இத்தனை மழையில் நனைந்தேன். நன்றாகப் படி, அவர்களோடு பழகு, ஒதுங்கி நிற்காதே என்று சொல்லிக்கொடுத்தவன் நான்தான். சொன்னதை அவன் செய்துவிட்டான். எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். நெஞ்சுக்குள் ஈரத்துணியைப் போட்டதுபோல அன்றையிலிருந்து ஒரு பயம், அது இன்றுவரை உலரவில்லை.

"நீங்களும் army போனீங்கல்ல, சித்தப்பா சொன்னாரு," என்றான்.

"அது வேலைக்குடா," என்றேன்.

"இதுவும் வேலைதான்," என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனான்.

4

அந்த மாதம் பள்ளியில் அவனுக்கு முதல் உலகப் போர்தான் பாடம். இங்கே வருடா வருடம் ஏதோ ஒரு வகுப்பில் அது வந்துகொண்டே இருக்கும். போர் ஏன் வந்தது என்ற கேள்விக்கு விடையை உரக்கப் படித்துக்கொண்டிருந்தான். மலர் பூண்டு உரித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்திரிய இளவரசனை செர்பியப் பையன் ஒருவன் சுட்டான். ஆஸ்திரியா செர்பியாமேல் பாய்ந்தது. செர்பியாவுக்கு ரஷ்யா துணை, ஆஸ்திரியாவுக்கு ஜெர்மனி துணை, ரஷ்யாவுக்கு பிரான்ஸ் துணை. நம்மூரில் குழாயடியில் இரண்டு பேர் குடத்துக்குச் சண்டை போட, மாமன் மச்சான் சம்பந்தி என்று ஒவ்வொருவராக வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்கள் அல்லவா, அப்படி வந்தார்கள். ஒருத்தன் படையைத் திரட்டினால் அடுத்தவன் காத்திருக்க முடியாது, முந்தினவன் ஜெயிப்பான் என்ற கணக்கு. காலனிக்குப் போட்டி, கப்பலுக்குப் போட்டி, எல்லாவற்றுக்கும் மேல் மானம். பின்வாங்கினால் சிரிப்பார்கள் என்ற பயத்திலேயே பாதி ராஜாக்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள்.

"இதுல இந்த பெல்ஜியம் எங்கடா வந்தது?" என்று மலர் கேட்டாள்.

"ஜெர்மனிக்கு பிரான்ஸ் போகணும்மா. நேர் வழில fort எல்லாம் இருக்கு. அதனால பெல்ஜியம்கிட்ட வழி கேட்டாங்க. நாங்க சும்மா போறோம், விடுங்கன்னு. பெல்ஜியம் no சொல்லிச்சு. அடிச்சுட்டு வந்தாங்க. அதனால இங்கிலாந்தும் வந்துச்சு."

மலருக்கு அது ஒரு நொடியில் புரிந்துவிட்டது. "பாதைத் தகராறு," என்றாள். தேவிகாபுரத்தில் அவள் அப்பாவின் நிலத்துக்கு இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவன். இருவருக்கும் பரம்பரைப் பகை. நடுவில் இவர்கள் நிலம். ஒருநாள் ஒருவன் ஆள் திரட்டிக்கொண்டு வந்து வரப்பு வழியாக விடு என்று கேட்டான், இவள் அப்பா முடியாது என்றார். "சண்ட அவனுங்க ரெண்டு பேருக்கு. மெதிபட்டது எங்க மல்லாட்ட. காய் புடிக்கிற நேரம் வேற. தாலுகா ஆபீஸுக்கு நடந்து நடந்து எங்கப்பாவுக்கு செருப்புதான் தேஞ்சிது."

இனியன் சிரித்தான். வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர் என்பது அவனுக்கு அன்றுதான் தெரிந்தது. அடுத்த நாள் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறான். வாத்தியார் மெச்சினாராம்.

அதன் பிறகு என்ன ஆயிற்று என்பதுதான் அடுத்த பாடம். நாலு பேரரசுகள் விழுந்தன. தோற்ற ஜெர்மனியின் தலையில் பழி முழுவதையும் ஏற்றி, அபராதம் போட்டு, குனிய வைத்து ஒப்பந்தம் வாங்கினார்கள். அந்தக் குனிவிலிருந்துதான் அடுத்த போர் எழுந்து வந்தது. வரைபடத்தில் கோடு கிழித்து புது நாடுகள் செய்தார்கள். அந்தக் கோடுகளுக்காக இன்னும் அடித்துக்கொள்கிறார்கள். முதல் போருக்கு முன்பு ஐரோப்பாவில் பெரும்பாலும் பாஸ்போர்ட் இல்லாமலே ஊர் விட்டு ஊர் போகலாமாம். போர்க்காலக் காவலுக்கென்று கொண்டுவந்தார்கள், போர் போயிற்று, பாஸ்போர்ட் மட்டும் தங்கிவிட்டது. குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்க நான் வரிசையில் நிற்கும்போதெல்லாம் அந்த இளவரசனை நினைத்துக்கொள்கிறேன்.

நம்மையும் விடவில்லை. இந்திய சிப்பாய்கள் கப்பலேறி வந்து, கம்பளிகூட இல்லாமல் இந்தச் சேற்றில்தான் முதல் குளிரைப் பார்த்தார்கள். போருக்கு உதவினால் சுயாட்சி கொடுப்பார்கள் என்று நம் தலைவர்கள் பலர் நம்பினார்கள். கிடைத்தது கறுப்புச் சட்டமும் பஞ்சாபில் துப்பாக்கிச் சூடும். ஈப்பரில் செத்தவர்களின் பெயரைப் பொறித்த பெரிய வாசல் ஒன்று இருக்கிறது. தினமும் சாயங்காலம் அங்கே ஊதுகுழல் ஊதுகிறார்கள். வந்த புதிதில் அதில் நம் பக்கத்துப் பெயர் ஏதாவது தென்படுகிறதா என்று தேடினேன். சிங், கான், தாபா என்று போய்க்கொண்டே இருந்தது. கழுத்து வலித்தது, விட்டுவிட்டேன். இனி ஏதாவது ஒரு காலத்தில் இன்னொரு வாசல் கட்டி அதில் முனுசாமி என்று ஒரு பெயர் வந்துவிடக் கூடாது என்பதுதான் இப்போது என் வேண்டுதல்.

5

மலரின் மண் சமாசாரத்தை இங்கே சொல்லியாக வேண்டும்.

எங்கள் பக்கத்து அம்மன் கோயில்களில் அக்னி வசந்த விழா நடப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பகலில் கதை, இரவில் கூத்து, கடைசி நாள் தீமிதி. தீமிதிக்கு முன்னால் படுகளம். அந்தக் கதையின் யுத்தத்தில் தோற்றுச் செத்த ராஜாவை மைதானத்தில் மண்ணால் பிசைந்து படுக்க வைத்திருப்பார்கள். கால் ஒரு தெருவிலும் தலை ஒரு தெருவிலும் இருப்பதுபோல அவ்வளவு பெரிய உருவம். அவன் சாகும் கூத்து முடிந்ததும், அவனைப் பெற்றவளாக வேஷம் கட்டியவர் வந்து விழுந்து அழுவார். வில்லன் செத்தான் என்று யாரும் கைதட்டமாட்டார்கள். ஜெயித்த கட்சிக்காக விரதம் இருந்த பெண்களே சேர்ந்து அழுவார்கள். பிறகு ஆளாளுக்கு அந்த உருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய் நெல் குதிரில், அரிசிப் பானையில் போட்டு வைப்பார்கள். தானியம் குறையாது என்று நம்பிக்கை. ஜெயித்தவனின் மண்ணை ஒருவரும் எடுப்பதில்லை. தோற்று விழுந்தவனின் மண்தான் வீட்டுக்கு ஆகும். ஏன் என்று நான் கேட்டதில்லை, யாரும் சொன்னதும் இல்லை.

இனியன் சின்ன வகுப்பில் இருந்தபோது பள்ளியில் ஒரு சுற்றுலா. துணைக்கு வந்த பெற்றோர்களில் மலரும் ஒருத்தி. இங்கே ஆங்கிலேயர் கல்லறைகள் வெள்ளைக் கல்லும் ரோஜாச் செடியுமாகப் பளிச்சென்று இருக்கும். ஜெர்மன்காரர்களுடையது ஓக் மரத்தடியில், இருட்டாக, தரையோடு தரையாகக் கறுப்புக் கல். படிப்பை விட்டுவிட்டுப் பட்டாளத்துக்குப் பேர் கொடுத்து வந்த பையன்கள் பலர் அங்கே ஒரே குழியில் கிடக்கிறார்கள் என்று ஆசிரியை சொன்னாராம். அது மலருக்குப் பாதிதான் புரிந்திருக்கிறது. தோற்றவர்கள் என்பது மட்டும் நன்றாகப் புரிந்தது. செருப்பைச் சரி செய்வதுபோலக் குனிந்து, ஒரு பிடி மண்ணை எடுத்துத் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள்.

ஆசிரியை பார்த்துவிட்டார். முகம் சிவந்துவிட்டதாம். கல்லறையிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது, எதற்கு எடுத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். மலர் இனியனிடம், "வீட்டுக்கு நல்லது, அரிசில போட்டா கொறையாதுன்னு சொல்லுடா," என்றாள். அவன் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பூந்தொட்டிக்கு மண் வேண்டுமாம் என்று சொல்லிவிட்டான். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா பக்கத்தில் அவன் உட்காரவில்லை.

அந்த மண் இன்றைக்கும் ஒரு சின்ன டப்பாவில் எங்கள் அரிசி டிரம்முக்குள் இருக்கிறது. போர் வந்தால் மூன்று நாளைக்குத் தாங்கும்படி தண்ணீர், டின் சாப்பாடு எல்லாம் வாங்கி வையுங்கள் என்று இப்போது அரசாங்கம் சொல்கிறது. மலர் சிரித்தாள். மூன்று மாதத்துக்கான அரிசி எப்போதும் எங்கள் வீட்டில் உண்டு.

இனியன் வளர்ந்தபிறகு ஒருமுறை டப்பாவைக் கையில் எடுத்து இது எதற்கு என்று கேட்டான். சிப்பாய் மண், வீட்டுக்கு நல்லது என்றாள் மலர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. எந்தச் சிப்பாய் என்று அவன் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. வாத்தியார் பிள்ளைக்குச் சொல்வதுபோல உட்கார வைத்துச் சொல்லும் விஷயமா அது? ஊரில் இருந்திருந்தால் என் தோளில் உட்கார்ந்து படுகளத்தைப் பார்த்திருப்பான், தானாகத் தெரிந்திருக்கும்.

6

டிசம்பர் முழுக்க அந்தக் கையெழுத்தை நான் தள்ளிப்போட்டேன். வேலை என்றேன், தலைவலி என்றேன், கண்ணாடியைக் காணோம் என்றேன். கண்ணாடியை அவனே தேடி எடுத்துக் கொடுத்தான்.

ஒக்சானாவிடம் ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் சொன்னேன். அவள் எனக்கு ஆதரவாகப் பேசுவாள் என்று நினைத்தேன். பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடி வந்தவள் அல்லவா. அவள் தன் டப்பாவை மூடிவிட்டுச் சொன்னாள், "என் மகன் என்னோடு பேசுவதில்லை. அவனுடைய கூட்டாளிகள் அங்கே இருக்கிறார்கள். சிலர் இல்லை. நீ என்னைக் கோழை ஆக்கிவிட்டாய் என்கிறான்."

"வருத்தமாக இல்லையா?" என்று கேட்டேன்.

"வருத்தம்தான். பார்சல் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறான். கதவைச் சாத்திக்கொள்கிறான். அந்தக் கதவுக்குப் பின்னால் இருக்கிறான். எனக்கு அது போதும்."

எனக்கு அந்தத் தைரியம் இல்லை. தவிர, அவளுக்குத் தாண்டுவதற்கு ஓர் எல்லையாவது இருந்தது. நான் இனியனை எங்கே இழுத்துக்கொண்டு ஓடுவது? குமரன் சொல்கிறான், "இங்க இட்டுகினு வந்துடுண்ணா, கடைல கல்லாவுல ஒக்கார வெக்கிறேன்." ஆரணிக்கு வந்தால் இரண்டாவது வாரமே அவனுக்கு வயிறு கெட்டுவிடும், மூன்றாவது வாரம் திரும்பும் டிக்கெட்டைப் பார்க்க ஆரம்பித்துவிடுவான்.

கடைசியில் மலர்தான் சொன்னாள். "போட்டுக் குடுத்துடுங்க. பாத்துட்டு வரட்டும். சேத்துல உருட்டி எடுத்தா அவனே வாணாம்னு வந்துடுவான்." அவள் அதை நம்பிச் சொன்னதாகத் தெரியவில்லை. மறுத்தால் மார்ச் வரை காத்திருந்து, பதினெட்டு முடிந்ததும் எங்களைக் கேட்காமலே போய்விடுவான், பேசாமலும் போய்விடுவான். அதற்கு இது தேவலை என்று நானும் நினைத்தேன். முனுசாமி என்று கையெழுத்துப் போட்டேன். இங்கே என் கையெழுத்தே நைனாவின் பெயர்தான்.

ஜனவரியில் ஒரு சனிக்கிழமை காலையில் போனான். மலர் அன்று வேலைக்குப் போகவில்லை. பருப்பைத் தாளித்தாள், கருகவிட்டாள், மறுபடி தாளித்தாள். நான் சும்மா இருக்க முடியாமல் நன்றாக ஓடிக்கொண்டிருந்த துணி துவைக்கும் இயந்திரத்தைக் கழற்றி மாட்டினேன்.

சாயங்காலம் வந்தான். பூட்ஸ் முழுக்க சேறு, முகம் முழுக்க சிரிப்பு. நடு வீட்டில் நின்றுகொண்டு அவனுடைய டச்சில் நிறுத்தாமல் பேசினான். கயிற்றில் ஏறினானாம், ஓட்டத்தில் இரண்டாவதாக வந்தானாம், அதிகாரி ஒருவர் அவன் பெயரைத் தப்பில்லாமல் கூப்பிட்டாராம். மார்பு அளவெல்லாம் யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது. எடுத்திருந்தாலும் தேறியிருப்பான், அவன் அம்மா அப்படி வளர்த்திருக்கிறாள். அவனை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. வேண்டாம் என்று அவன் வரவில்லை.

மலர் கரண்டியோடு சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். அதை அவன் கவனித்தான். தமிழுக்கு மாறினான். "அம்மா, உனக்கு ஒண்ணு கொண்டு வந்தேன்." ஜாக்கெட் உள்பையிலிருந்து காகிதக் கைக்குட்டையில் மடித்த ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான்.

அவள் பிரித்தாள். கறுத்த ஈர மண். ஒரு பிடி.

"நாங்க ஓடற ground-ல எடுத்தேன்," என்றான். "யாரும் பாக்கல. லேஸ் கட்டற மாதிரி குனிஞ்சு எடுத்தேன், நீ எடுத்தியே அப்படி. அந்த டப்பால போடு. சிப்பாய் மண். வீட்டுக்கு நல்லது." பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான், "அன்னைக்கு நான் டீச்சர்கிட்ட பொய் சொன்னேன்ல. அதுக்கு."

மலர் என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அவனிடம் என்னவென்று சொல்வது? அது செத்து விழுந்தவனின் உருவத்திலிருந்து எடுக்க வேண்டிய மண், உயிரோடு ஓடிய உன் காலடியிலிருந்து எடுக்கக் கூடாது என்று எந்த வாயால் சொல்வது? இத்தனை வருடத்தில் நம் பக்கத்து வழக்கம் ஒன்றை அவனாக, யாரும் சொல்லாமல், ஆசையோடு செய்துவிட்டு நிற்கிறான்.

அவள் திட்டவில்லை, அழவும் இல்லை. "கால கழுவிகினு வாடா, சாப்புடலாம்," என்றாள். அவன் விசிலடித்துக்கொண்டு மாடிக்குப் போனான். மேலே தண்ணீர் விழும் சத்தம் கேட்ட பிறகுதான் அவள் கையை மூடினாள்.

"தோத்தவன் மண்ணுன்னா அரிசில போட்டுடுவேன்," என்றாள். "உசுரோட கீற புள்ள மண்ண எங்கங்க வெக்கிறது?"

ஊருக்குப் போன் போட்டுக் கேட்கலாம் என்றால், இப்படி ஒரு கேள்வியை அங்கே யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். அவள் ஒரு எவர்சில்வர் டம்ளரில் அதைக் கொட்டி, சமையலறை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். இதை எழுதும்போதும் அது அங்கேதான் இருக்கிறது. அரிசிக்குள்ளும் போகவில்லை, வாசலில் கொட்டவும் மனம் வரவில்லை. டப்பாவில் போட்டாயா என்று இனியன் இரண்டு தடவை கேட்டுவிட்டான், போட்டுட்டேன் என்று சொல்லியிருக்கிறாள். மார்ச்சில் அவனுக்குப் பதினெட்டு முடிகிறது.